பூச்சியம் புள்ளி ஒன்று

நடுவர் மேசையில் மூன்றாவது நாற்காலி என்னுடையது.
மற்ற நாட்களில் பதினேழாம் எண் பேருந்து ஓட்டுகிறேன்.
நவம்பர் முதல் வாரம். சாங்சோ.
குழாய் ஆலையின் விளையாட்டுக் கூடத்தில்
வெப்பமூட்டிக்கு இன்னும் உயிர் வரவில்லை.
தேநீர்க் குடுவையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு
மதிப்பெண் போடுகிறோம்.

பெண்கள் பிரிவு. தள்ளுகைப் போட்டி.
தள்ளுவதற்கு முன் வணக்கம்.
வலக்கையை முட்டியாக்கி
அதன்மேல் இடது உள்ளங்கையைச் சாத்த வேண்டும்,
நெஞ்சிலிருந்து ஒரு சாண் தள்ளி.
நிமிர்ந்த நான்கு விரல்களுக்கும் பெயர் உண்டு:
ஒழுக்கம், அறிவு, உடல், அழகு.
கட்டைவிரல் மடங்கியே இருக்க வேண்டும்;
நிமிர்ந்தால் அது
நான்தான் பெரியவன் என்று சொல்லிவிடும்.
என்னிடம் முட்டி இருக்கிறது, பார்,
அதை நானே மூடியும் வைத்திருக்கிறேன்.
அவ்வளவுதான் அதன் பொருள்.
பிசகினால் பூச்சியம் புள்ளி ஒன்று கழிவு.

கை மாறி
இடது முட்டிமேல் வலது கை வந்தால்
அது சாவு வீட்டு வணக்கம்.
விதிப்புத்தகத்தில் இது இல்லை.
இந்த ஊரில் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்கள்
எல்லோருக்கும் தெரியும்.

கெங் சூயூன் பாய்மேல் ஏறினாள்.
இதே ஆலையில் பதினொரு வருடம்
குழாய்களை எல்போவாக வளைத்தவள்.
ஒரு பிற்பகல்
எந்திரம் குழாயோடு சேர்த்து
அவள் வலக்கையின் நடு மூன்று விரல்களையும் எடுத்துக்கொண்டது.
மிச்சம் கட்டைவிரலும் சுண்டுவிரலும்.
இரண்டு விரலில் முட்டி பிடிக்க முடியாது.
மூடுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில்
உள்ளங்கை எதன்மேல் சாத்தும்?

அவள் இடது கையை இறுக்கினாள்.
அதன்மேல் வலக்கையை வைத்தாள்.
கட்டைவிரல், இருந்த வரைக்கும், ஒழுங்காக மடங்கியிருந்தது.

கூடத்தில் பாதிப் பேர் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.
பக்கத்து நாற்காலியிலிருந்து ஷாங்,
அந்தக் காலத்தில் பெண்களுக்கு இதுதானே சரி, என்றார்.
இருக்கலாம்.
பாய்மேல் ஆண் கை பெண் கை கிடையாது என்கிறது விதி.
என் பேனா ஏற்கெனவே மூடி திறந்து காத்திருந்தது.

எதிரே ஹோ பெய்ஜென்.
மருந்துக்கடைக்காரி, போன வருடம் வெள்ளி வாங்கியவள்,
எதற்கும் சிரிக்காதவள்.
சாவு வணக்கம் வாங்கியவர்கள்
பாயைவிட்டு இறங்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.
அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.
முகத்தைப் பார்க்கவில்லை.
பிறகு, பிடித்து வைத்திருந்த தன் முட்டியை அவிழ்த்து,
இடக்கையை மூடி,
வலக்கையை மேலே சாத்தினாள்.

இரண்டு பெண்கள்,
நடுவே ஒரு பாய்,
அதில் யாரும் படுத்திருக்கவில்லை.
விரல் மூன்றுக்குத் துக்கம் கேட்க
இந்த ஊரில் யாரும் அதுவரை வரவில்லையோ என்னவோ.

அப்புறம் தள்ளினார்கள்.
பெய்ஜென் ஒரு துளியும் விட்டுக்கொடுக்கவில்லை.
சூயூன் இரண்டு முறை கோட்டுக்கு வெளியே போய் விழுந்தாள்,
ஒரு முறை அவளை முட்டிபோட வைத்தாள்.
ஏழுக்கு நான்கு.

தாளை வாங்கிய தலைமை நடுவர் கேட்டார்:
கழிவு இருவருக்குமா?
இருவருக்கும், என்றேன்.
ஒருத்தியை மட்டும் மன்னித்தால்
மற்றவள் செய்தது வீணாகிவிடும் என்று
அவருக்கு விளக்கத் தெரியவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
'கை மாற்றம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரவு டிப்போவில்,
எஞ்சினை அணைத்த வண்டிக்குள்,
நானும் மாற்றி வைத்துப் பார்த்தேன்.
விரல்கள் எங்கே உட்காருவதென்று தெரியாமல்
ஒன்றை ஒன்று இடித்தன.
முப்பது வருடப் பழக்கம், ஒத்துழைக்கவில்லை.
சூயூன் இதை எத்தனை இரவு
கண்ணாடி முன் நின்று பழகியிருப்பாள்.

பெய்ஜென்னுக்குக் கிடைத்தது
மூன்று நொடி.